பெட்டிக்கு வைத்த சந்தனம்

எங்கள் குடும்பத்தில் மின்சாரம் ஓடுகிற எந்தப் பொருளையும் என்னைக் கேட்காமல் யாரும் வாங்கியதில்லை. மிக்சியோ இன்வெர்ட்டரோ செல்போனோ, கடைக்குள் நின்றபடியே எனக்குப் போன் போடுவார்கள். "சேல்ஸ்மேன் இதைத்தான் நல்லதுங்கறான், நீ என்ன சொல்ற?" என்பார்கள். நான் சொல்வதுதான் வீட்டுக்கு வரும். ஆபீசில் நான் ஒரு சாதாரண கிளார்க். ஸ்ரீரங்கத்தில் என் சொந்த வீட்டில் என் பேச்சுக்கு இருக்கும் மதிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆனால் காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் இருக்கும் என் அக்கா வீட்டில் நான் பெரிய ஆள். இந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டுதான் ஐம்பத்து மூன்று வயது வரை காலத்தை ஓட்டியிருந்தேன். அது கையை விட்டுப் போனபோது நான் நடந்துகொண்ட விதம் அழகானதல்ல. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வைகாசியில் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். அத்தான் ரிட்டயர் ஆகி வீட்டோடு இருந்த நேரம். பழைய படங்களையும் பாட்டுகளையும் பத்துப் பன்னிரண்டு பென் டிரைவில் சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எதில் எது இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது.

"தம்பி, உங்க அத்தான் ஒரு படம் பாக்கணும்னா பென் டிரைவைத் தேடியே பொழுது போயிடுது. எல்லாத்தையும் டி.வி.யிலயே ஒரே இடத்துல பாக்கற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுடா. இதெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

உனக்குத்தான் தெரியும். இந்த இரண்டு வார்த்தைக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் உழைப்பேன்.

டி.வி.யோடு சேர்த்து வைக்கிற மாதிரி சின்ன கம்ப்யூட்டர்கள் இப்போது வருகின்றன. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதில் படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் சோபாவில் உட்கார்ந்தபடி ரிமோட்டில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வாங்கப் போனால்தான் தெரியும். நான் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். எட்டு ஜி.பி. மெமரி போதுமா, பதினாறு வேண்டுமா? பெரிய படங்கள் திக்காமல் ஓடுமா? அத்தானுக்குக் கீபோர்டும் மவுசும் ஒத்துவராது, ரிமோட்டிலேயே எல்லாம் நடக்குமா? இவற்றுக்கெல்லாம் ஒரு மாதத்தில் விடை கிடைத்துவிட்டது. ஒரு கேள்வியில் மட்டும் மாட்டிக்கொண்டேன். உள்ளே ஃபேன் வைத்த பெட்டியா, ஃபேன் இல்லாத பெட்டியா?

ஃபேன் இல்லாத பெட்டி சத்தமே போடாது. தூசியும் உள்ளே போகாது. ஆனால் அக்கா வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்த ஹாலில் மனிதர்களே தாங்க முடியாது, பெட்டி எப்படித் தாங்கும்? ஃபேன் வைத்தது சூட்டைத் தாங்கும், ஆனால் அமைதியான காட்சியில் உய்யென்று சத்தம் கேட்கும். தில்லை நகரில் ஒரு கடைக்கு நான்கு முறை போனேன். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளின் மேல் உள்ளங்கையை வைத்து ஐந்து ஐந்து நிமிடம் நின்றேன். ஐந்தாவது முறை என்னைப் பார்த்ததும் கடைக்காரர் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போது காலை பதினொரு மணி.

என் மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே" என்றாள். நான் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவன் நன்றாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு வேலையும் செய்தேன். அக்கா வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேசட்டுகள் கிடந்தன. அவற்றை எடுத்துவந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றி, ஒரு ஹார்டு டிஸ்கில் வாங்கிக்கொண்டேன். பூஞ்சை பிடித்தவை போக மூன்று தேறின. அதில் ஒன்று அக்கா மகளின் காதுகுத்து. சமயபுரத்தில் நடந்தது. தாய்மாமன் என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது நான்தான். அந்தக் காட்சியை வீட்டில் தனியாகப் பல முறை போட்டுப் பார்த்தேன். தலை நிறைய முடியோடு இருந்தேன். பெட்டியை வாங்கிப் பொருத்தி, ஒன்றும் சொல்லாமல் இதைத் திடீரென்று ஓடவிட வேண்டும், அக்கா வாயடைத்துப் போக வேண்டும் என்று திட்டம்.

ஆடிப்பெருக்கு அன்று, இரண்டு பெட்டிகள் மட்டும் மீதமிருந்த நோட்டையும் ஹார்டு டிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். அம்மா மண்டபப் படித்துறைக்கு வந்த கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால், ஹாலில் அத்தான் கால் மேல் கால் போட்டு ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் அவருடைய படங்கள் எல்லாம் வரிசையாக, போஸ்டரோடு நின்றன. டி.வி. ஸ்டாண்டில் ஒரு கறுப்புப் பெட்டி.

"மாப்ள வாங்கிட்டு வந்தாருடா. ஒரே மணி நேரத்துல எல்லாத்தையும் பண்ணி முடிச்சிட்டாரு" என்றாள் அக்கா.

மாப்பிள்ளை என்றால் அக்கா மகளைக் கட்டியவர். கல்யாணமாகி ஒன்றரை வருடம். சாஃப்ட்வேர் வேலை. நல்ல பிள்ளை, அதுதான் சங்கடம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க மாமா, நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். பெட்டியின் மேல்பக்கம் முழுக்கச் சல்லடையாகச் சின்னச் சின்னத் துளைகள். அதன் கீழே ஃபேன் சுற்றியது தெரிந்தது.

"ஃபேன் வெச்சதா?" என்றேன்.

"ஆமா மாமா. இந்த வெயிலுக்கு அதுதான் சரியா இருக்கும்னு தோணுச்சு. நீங்க எதைப் பாத்து வெச்சிருந்தீங்க?"

"ஃபேன் இல்லாதது" என்றேன். இரண்டு மாதமாக எடுக்க முடியாத முடிவை அந்த நொடியில் எடுத்துவிட்டேன்.

அடுப்படியில் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவரா ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. மாப்பிள்ளைகிட்ட வேணாம்னு சொல்ல முடியுமா? நீயும் பாத்துக்கிட்டே இருந்தே. கோவிச்சுக்காதடா."

"இதுக்குப் போயி யாராவது கோவிச்சுக்குவாங்களா?" என்றேன். கோபமெல்லாம் இல்லை. அப்பட்டமான பொறாமை. இருபத்தொன்பது வயதுப் பையன் ஒரு மணி நேரத்தில் முடித்த காரியத்துக்கு நான் நோட்டுப் போட்டு வரி வரியாக எழுதியிருந்தேன். அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஹார்டு டிஸ்கையும் எடுக்கவில்லை. சித்ரான்னத்தைச் சாப்பிட்டுவிட்டு இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அதன் பிறகு அக்கா வீட்டிலிருந்து எனக்குப் போன் வருவது குறைந்தது. வை-ஃபை வேலை செய்யவில்லையா, மாப்பிள்ளை. அத்தானுக்குப் புது செல்போனா, மாப்பிள்ளை. நானாகப் போன் செய்து, "பெட்டி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பேன். நின்று நின்று ஓடுகிறது, சூடாகிறது என்று ஏதாவது சொல்லமாட்டாளா என்றிருக்கும். "அருமையா இருக்குடா" என்பாள். போனை வைத்த பிறகு சோறு இறங்காது. அடுத்தவன் வாங்கிய பொருள் கெட்டுப்போக வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேண்டிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன். அந்தப் பெருமாளும் பாவம், எதையெல்லாம்தான் கேட்பார்.

ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் அன்றைக்கு நான் அக்கா வீட்டில்தான் இருப்பேன். அக்கா மகளும் மாப்பிள்ளையும் மணப்பாறைக்குப் போயிருந்தார்கள். அங்கே மாப்பிள்ளையின் அப்பாவுக்கு லேத் பட்டறை இருக்கிறது, அன்றைக்குப் பட்டறையில் பூஜை. இங்கே வீட்டில் அக்காவும் அத்தானும் நானும்தான்.

அக்காவுக்குப் பூஜை என்றால் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்து ஒரு கிண்ணம் நிறைய வைத்துக்கொள்வாள். பொட்டாக வைப்பதெல்லாம் கிடையாது, மூன்று விரலால் எடுத்துப் பட்டையாக இழுப்பாள். ஸ்கூட்டர், அத்தானின் ஸ்பேனர்கள், தையல் மிஷின், மிக்சி, ஃபிரிட்ஜ் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள். டி.வி.யின் ஓரத்தில் வைத்தாள். அடுத்தது அந்தப் பெட்டி. பூஜைக்காக அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

அவள் கை பெட்டிக்கு மேலே போய் ஒரு நொடி நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சோபாவில் பொரி கொறித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் துளைகள் எதற்காக இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். காற்றை உள்ளே இழுப்பது அவைதான். "மேல வெக்காதக்கா, ஓரமா வை" என்று சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் "ஒரே மணி நேரத்துல" என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. பொரித் தட்டில் கடலை இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.

அக்கா இழுத்தாள். சல்லடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று பட்டை. நடுவில் தாராளமாகக் குங்குமம். சந்தனம் இளக்கமாக இருந்ததால் துளைகளுக்குள் இறங்கியதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுத்துப் புழங்கக் கூடாது என்பது வழக்கம். ஆகவே விஜயதசமி காலை வரை பெட்டியை யாரும் தொடவில்லை. உள்ளே போனது நிம்மதியாகக் காய்ந்திருக்கும். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கவும் கூடாது, தானாக உதிர வேண்டும்.

சந்தனம் குளிர்ச்சிதானே, ஒன்றும் ஆகாது என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காவிரிப் பாலம் தாண்டும் வரை அந்தச் சமாதானம் தாங்கியது.

இரண்டு வாரம் கழித்து அத்தான் போன் செய்தார். "மச்சான், அந்தப் பெட்டி இப்பல்லாம் ரொம்ப இரையுது. என்னன்னு தெரியல."

"வாங்கிக் குடுத்தவரைக் கேளுங்கத்தான்" என்றேன். வாயில் அப்படி ஒரு இனிப்பு.

ஐப்பசியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் அவளே போன் செய்தாள். "மாமா, என் காதுகுத்து கேசட்டை நீங்க மாத்தி வெச்சிருக்கீங்களாமே? அத்தை சொன்னாங்க. வளைகாப்பு அன்னிக்கு எல்லாரும் இருக்கப்ப போடலாம் மாமா. உங்க மடியில உக்காந்திருக்கறதை அவங்க வீட்டுல எல்லாருக்கும் காட்டணும்."

என் மனைவிதான் அவளிடம் போட்டுக்கொடுத்திருக்கிறாள். குழந்தை கேட்கும்போது எப்படி மறுப்பது? கொண்டுவருகிறேன் என்றேன். கிளம்பும்போது ஹார்டு டிஸ்கோடு சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றையும் சட்டைப் பையில் சொருகினேன். "வளைகாப்புக்கு எதுக்குங்க அது?" என்றாள் மனைவி. "எதுக்கும் இருக்கட்டும்" என்றேன். இதற்கு மேல் என்னைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது?

வளையல் போட்டு முடிந்தது. புளியோதரையும் தேங்காய் சாதமும் தட்டுகளில் சுற்றிவந்தன. மணப்பாறையிலிருந்து வேன் நிறைய வந்திருந்த சம்பந்தி வீட்டாரால் ஹாலில் கால் வைக்க இடமில்லை. மாப்பிள்ளை வீடியோவை ஓடவிட்டார். சமயபுரத்துக் கூட்டம், பட்டுப் பாவாடையில் குழந்தை, ஒல்லியாக அத்தான், கொண்டை நிறையப் பூவோடு அக்கா. ஒவ்வொருவர் வரும்போதும் ஹாலில் சிரிப்பும் கூச்சலும். அடுத்தது என் முறை. எனக்குத்தான் அந்த வரிசை மனப்பாடமாயிற்றே. மணையில் நான் உட்காருகிறேன். அக்கா குழந்தையைத் தூக்கி என் மடியை நோக்கிக் குனிகிறாள்.

டி.வி. கறுத்துவிட்டது.

மாப்பிள்ளை திரும்பவும் போட்டார். பெட்டி அலறிக்கொண்டு வந்தது, ஒரு நிமிடம் ஓடி மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை வரவே இல்லை. "என்னப்பா, நீ பாத்து வாங்கினதுதானே?" என்று அவருடைய அப்பா கேட்க, மணப்பாறைக் கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையின் காது சிவந்துவிட்டது. இத்தனை மாதம் நான் வேண்டிக்கொண்டது இதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"தம்பி, நீ பாருடா" என்றாள் அக்கா, அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஹாலின் நடுவில் உட்கார்ந்தேன். கீழே நான்கு திருகு. கழற்றி மேல் மூடியை எடுத்தேன். ஃபேனின் இதழ்களில் சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. அதன் மேல் குங்குமம் அப்பிக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "இது என்ன மாமா?" என்றார்.

அத்தான் எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சம்பந்திகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல போயி யாராவது இப்படிச் சந்தனத்தை அப்புவாங்களா? அறிவு வேணாம்?"

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதான் தம்பியைத் திரும்பிப் பாத்தேன். அவன் ஒண்ணும் சொல்லலையே. தப்புன்னா அவன் சொல்லியிருக்க மாட்டானா? அவனை நம்பித்தான் வெச்சேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் மூடி இருந்தது.

பெட்டியை யார் வாங்கினால் என்ன, அந்த வீட்டில் கேட்கப்படுகிறவன் அன்றைக்கும் நானாகத்தான் இருந்திருக்கிறேன். வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான். கையை நிறுத்தி, திரும்பிப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். நானும் பதில் சொல்லியிருக்கிறேன்.

"நான் கவனிக்கலக்கா" என்றேன்.

"அதானே!" என்று அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "பாத்திருந்தா சொல்லாம இருப்பானா? அவன் பொரி தின்னுக்கிட்டு இருந்தான், பாவம். நான்தான் வாயைத் திறந்து கேட்டிருக்கணும்."

"இல்ல அத்தை, தப்பு என் மேலதான்" என்றார் மாப்பிள்ளை. "மாமா அன்னிக்கே ஃபேன் இல்லாததுன்னு சொன்னாங்க. அதை வாங்கியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. இனிமே உங்களைக் கேட்டுட்டே வாங்கறேன் மாமா."

ஆடியிலிருந்து நான் ஏங்கிய வார்த்தை எல்லாம் ஒரே நாளில், ஒரே ஹாலில், சம்பந்திகள் முன்னிலையில் கிடைத்துவிட்டது. எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. பஞ்சை நனைத்து ஃபேனின் ஒவ்வொரு இதழாகத் துடைத்தேன். மூடியின் துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். மாப்பிள்ளை தன் போனில் விளக்குப் போட்டு, கை வலிக்க வலிக்க எனக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் காயட்டும் என்று சிறிது நேரம் வைத்திருந்து, மூடியைச் சும்மா மேலே வைத்து, திருகுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

பெட்டி ஓடியது. ஓட ஓட ஹால் முழுவதும் சந்தன வாசனை. "அட, மணக்குதே!" என்று சம்பந்தியம்மாள் சிரித்தார். வீடியோ விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அக்கா குழந்தையை என் மடியில் வைக்கிறாள். பத்தர் ஊசியோடு நெருங்குகிறார். குழந்தை திமிறி அழ ஆரம்பிக்கிறது. நான் அதன் கண்ணை என் உள்ளங்கையால் மூடிக்கொள்கிறேன். அக்காவின் பழைய குரல், இருபத்தாறு வருடம் குறைந்த குரல், கேட்கிறது: "மாமா மடியிலதானடி இருக்கே. அப்புறம் என்ன பயம்?"

ஹாலே சிரித்தது. கை நிறைய வளையலோடு அக்கா மகள் என் பக்கம் திரும்பினாள். நான் சட்டென்று குனிந்து தரையில் திருகைத் தேட ஆரம்பித்தேன்.

"விழுந்துடுச்சா மாமா?" என்று கேட்டு மாப்பிள்ளையும் குனிந்து எனக்காக விளக்கைக் காட்டினார். நான்கு திருகும் என் கைக்குள்தான் இருந்தன.